பாலத்துக்கு அப்பால் சொல்ல வேண்டிய பெயர்கள்

போனவர்கள்: நான், அய்யப்பன், வனத்துறையில் தினக்கூலி வாட்சர். என் மனைவி பகவதி. எங்கள் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியின் ஜெயந்தி டீச்சர். மூன்று பேர்.

போன இடம் தருவைகுளம். தூத்துக்குடிக்கு வடக்கே, கடற்கரை. அங்கே என் அக்கா இருக்கிறாள். அவளைப் பார்த்து நாற்பது வருஷம்.

எங்கள் ஊர் பொதிகை மலைக்குள் இருக்கிறது. பெயர் எழுதவில்லை. எழுதினால் தேன் கேட்டு ஆள் வரும்.

டீச்சர் கோவில்பட்டிக்காரர். எங்கள் பேச்சு அவருக்குத் தெரியாது. நான்கு வருஷமாக மலைக்கு வந்து, அடுப்பைக் காட்டி இது என்ன, அம்மியைக் காட்டி இது என்ன என்று கேட்டு நோட்டில் எழுதினார். ஒரு பக்கம் எங்கள் சொல். பக்கத்தில் தமிழ். கடைசிக் கட்டத்தில் சொன்னவர் பெயர். சொன்னவர் பெயர் இல்லாமல் ஒரு சொல்லையும் ஏற்க மாட்டார். பிள்ளைகளுக்குப் புத்தகமாகப் போட ஏற்பாடு. திங்கள் மதியம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஏழு இடம் காலி. கிடைக்காவிட்டால் அந்த ஏழிலும் தமிழ்ச் சொல்லே வரும்.

யானை, புலி, சிறுத்தை, கரடி, காட்டுமாடு, பன்றி, நாகம். இந்த ஏழின் பெயரை எங்கள் ஆட்கள் காட்டுக்குள் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூப்பிட்டதாக ஆகும். கூப்பிட்டால் வரும். காட்டுக்குள் யானையைப் பெரியவர் என்போம். புலியை மாமன் என்போம். தமிழில் சொன்னால் குற்றமில்லை. அது தமிழர் வைத்த பெயர், விலங்குக்குத் தெரியாது.

ஆனால் எதைச் சொல்லக்கூடாது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆறு வயதில் பிள்ளையை அடிவாரத்து ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் கூட்டிப்போய், ஏழு பெயரையும் ஒரே ஒரு தடவை சொல்வார்கள். பிறகு வாயை மூடி அழைத்து வருவார்கள். அந்த வழக்கம் நின்று நாற்பது வருஷம். தெரிந்தவர்கள் செத்துப்போனார்கள், மற்றவர்கள் மறந்துபோனார்கள். ஊர்த் தலைவர் மூப்பருக்குத் தெரியும். அவருக்குப் பக்கவாதம், பேச்சு இல்லை. தலை மட்டும் ஆட்டுவார்.

அக்காவுக்குத் தெரியும். அதனால் போனோம்.

ஏழில் ஒன்று எனக்கும் தெரியும். டீச்சரிடம் சொல்லவில்லை. பகவதியிடமும் சொன்னதில்லை.

என்னைப் பாலத்துக்கு அப்பால் கூட்டிப்போனது அம்மா. அக்காவும் வந்தாள், அவளுக்குப் பதினேழு. அம்மா ஏழையும் சொன்னாள். திரும்பி மலை ஏறும்போது நான் யானையின் பெயரைச் சொன்னேன். நல்ல சொல். வாய்க்குள் உருண்டது. மூன்று தடவை சொன்னேன். அக்கா வாயில் அடித்தாள். அம்மா சுமையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஓடையில் யானை அம்மாவை அடித்துக் கொன்றது.

அப்பா கேட்டார், "யார் சொன்னது?" அக்கா, "நான்" என்றாள்.

அப்பா அவளிடம் அதற்குப் பிறகு பேசவில்லை. ஊரும் பேசவில்லை. அந்த மழைக்காலம் முடிந்ததும் உப்பளத்துக்கு ஆள் ஏற்றிய லாரியில் போனாள். அதோடு எந்தப் பிள்ளையையும் பாலத்துக்கு அப்பால் கூட்டிப்போவதும் நின்றது.

இருபது வருஷமாக வாட்சர் வேலை பார்க்கிறேன். யானைத்தடம் எனக்குத் தெரியும். அம்மா நின்ற இடம் தடத்தின் நடு. அந்த மாதத்தில் அங்கேதான் தண்ணீர். பெயர் சொல்லாவிட்டாலும் வந்திருக்கும். இது தெரியும். தெரிந்தும் இரவு படுத்தால் அந்தச் சொல் வரும்.

சனிக்கிழமை தூத்துக்குடி போய் இறங்கினோம். பகவதி வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். செங்குத்துப் பாறையில் ஏறுகிறவள். சமதரையில் தலை சுற்றுகிறது என்றாள். ஊரெல்லாம் வெயில். மரம் இருக்கிறது, நிழல் போதவில்லை. காற்று உப்பாக வந்து உதட்டில் ஒட்டியது.

புரோட்டா சாப்பிட்டோம். பிய்த்துப் போட்டுச் சால்னாவில் குளிப்பாட்டிக் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. பகவதி ஒன்று போதும் என்றாள். டீச்சர் மூன்று சாப்பிட்டார்.

பிறகு தவறான பஸ்ஸில் ஏறிவிட்டோம். டீச்சர் வடக்கே போகும் பஸ் என்று நினைத்தார். நான் டீச்சருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அசதியில் மூவரும் தூங்கிவிட்டோம். எழுப்பி இறக்கிவிட்ட இடம் துறைமுக வாசல். கண்டெய்னர் லாரிகள் முடிவில்லாமல் நின்றன. ஓட்டுநர்கள் சக்கரத்துக்குக் கீழே துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். சுவருக்கு மேலே ஒரு கப்பலின் தலை தெரிந்தது. பகவதி வெகுநேரம் பார்த்தாள்.

"அது வீடா?" என்றாள்.

"கப்பல்."

"மிதக்குமா?"

"மிதக்கும்."

"சும்மா சொல்றே" என்றாள்.

இதை எங்கள் பேச்சில் பேசினோம். இங்கே தமிழில் போடுகிறேன். பக்கத்து டீக்கடைக்காரர் காது கொடுத்திருக்கிறார்.

"என்ன பேச்சு பேசுதிய? மலையாளமா?"

இல்லை என்றேன்.

"தெலுங்கு?"

"இல்ல அண்ணாச்சி. எங்க பேச்சு."

"எங்க பேச்சுன்னா? அதுக்கு ஒரு பேரு உண்டும்லா?"

"பேரு கிடையாது. பேச்சுன்னுதான் சொல்லுவோம்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "எந்த ஊரு?"

"மலை."

"மலையா? தேன் இருக்கா?"

இல்லை என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் டீ நன்றாகப் போட்டார். தருவைகுளம் பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு சுமைகாரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர், "இன்னைக்கு இனிமே போயி என்னத்துக்கு? வெள்ளன எந்திச்சுப் போங்க. ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போவ மாட்டானுவ, எல்லாரும் வீட்ல கெடப்பானுவ" என்றார். கிளம்பும்போது அவரும் கேட்டார், "தேன் கொண்டாரலியா?"

லாட்ஜில் தங்கினோம். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. பகவதி தரையில் படுத்தாள். நான் விழித்திருந்தேன்.

ஞாயிறு காலை சரியான பஸ். வழியில் இரண்டு பக்கமும் உப்பளம். உப்பைக் குவித்து ஓலை மூடியிருந்தார்கள். சில குவியல் மூடாமல் வெயிலில் கண்ணைக் குத்தியது. பெண்கள் ரப்பர் செருப்பு போட்டு, கூடையைத் தலையில் வைத்து வரிசையாக நடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் நடந்தார்கள். பகவதி ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தாள். அக்காவை அவள் பார்த்ததே இல்லை. நான் பார்க்கவில்லை.

முகவரி எங்களிடம் ஒரே வரி. அப்பா செத்தபோது அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ரோசம்மா, மாதா கெபி தெரு என்று இருந்தது. மலையில் அவள் பெயர் நீலி.

கெபி என்பது கல் குகைபோல் கட்டி மாதாவை வைத்திருக்கும் இடம். அங்கே பூசை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கரையில் படகுகளை ஏற்றி வைத்திருந்தார்கள். ஒரு பெண் வாசலில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். பூனை ஒன்று வந்து தலையைக் கவ்வியது. அவள் அரிவாளைத் தூக்கி ஒரு சத்தம் போட்டாள்.

அவள் போட்ட சத்தம் எங்கள் சொல். புலியின் பெயர்.

நாற்பது வருஷம் மறந்திருந்தேன். காதில் விழுந்ததும் முதுகு கண்டுகொண்டது. கால் நின்றுவிட்டது. ஏறுவதற்கு மரம் தேடினேன். அங்கே மரம் இல்லை, ஒரு மின்கம்பம்தான் இருந்தது.

பகவதிக்கு விளங்கவில்லை. "ஏன் நின்னுட்டே?" என்றாள்.

மீன்காரப் பெண் எங்களைப் பார்த்தாள். "யாரு வேணும்?"

"ரோசம்மா."

"ரோசம்மா பெரியம்மையா? இந்தக் களவாணிப் பூனை அவிய பூனைதான். வாங்க. ஏளா ஸ்டெல்லா, பெரியம்மைட்ட சொல்லு, ஆள் வந்திருக்கு." உள்ளேயிருந்து ஒரு சிறுமி ஓடினாள். ஓடும்போது இன்னொரு பூனையை விரட்டினாள். அதன் பெயரும் எங்கள் சொல், கரடி.

அக்கா வெளியே வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கைகால் உப்பில் வெடித்து வெள்ளைக் கோடாக இருந்தது. என்னைப் பார்த்தாள். பகவதியைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"பல்லெல்லாம் முளைச்சிருச்சு" என்றாள்.

என் ஆறு வயதில் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

அவள் பேசியது எங்கள் பேச்சு. நாங்கள் இப்போது பேசுவது இல்லை, அதற்கு முந்தியது. நாங்கள் பாதி தமிழ் ஆகிவிட்டோம். அவள் ஆகவில்லை. பேச ஆள் இல்லாததால் சேதமாகாமல் இருந்தது. பகவதி வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். "எங்க அத்தை செத்தப்பவே இந்தப் பேச்சு செத்துப்போச்சுன்னு நினைச்சேன்" என்றாள். டீச்சர் போனை எடுத்து ரெக்கார்டு போட்டுவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார்.

அத்தான் பெயர் அந்தோணி. முன்னே சங்கு குளித்தவர். ஆழத்தில் முங்கி முங்கி இரண்டு காதும் போய்விட்டது. தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி பேசுவார்.

"யாருளா இது?"

"என் தம்பி!" அக்கா கத்தினாள்.

"கம்பியா?"

"தம்பி! மலையிலேருந்து!"

அத்தான் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்தார். ஆட்டிக்கொண்டே இருந்தார். "ஏலே, நாப்பது வருசமா வாரான் வாரான்னு சொல்லுதா. நான் நம்பவே இல்ல. நீ ஒருத்தன் உண்டும்னே நம்பல. தேன் கொண்டாந்தியா?"

"இல்ல அத்தான்."

"என்னது?"

"இல்ல!"

"சரி, உக்காரு. தேன் இல்லாம ஒரு மச்சினன்."

சாப்பாடு போட்டாள். சாளைக் குழம்பு. கூடவே அவித்த மரச்சீனிக் கிழங்கு. மலையிலும் அதுதான் எங்கள் சாப்பாடு. ஞாயிறு தவறாமல் சந்தையில் வாங்குவாளாம். பூனைகள் மூன்று, சுற்றி உட்கார்ந்தன. அக்கா ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி முள் போட்டாள். புலி ஒல்லி, ஒரு கண் இல்லை. கரடி கறுப்பு. நாகத்துக்கு வால் பாதிதான். ஒவ்வொரு பெயருக்கும் என் கை சோற்றில் நின்றது.

"இங்கே காடு இல்லை. யாரும் வர மாட்டார்கள்" என்றாள். "வந்த புதுசில் தனியாக இருந்து சொல்லிப் பார்ப்பேன். பைத்தியம் என்றார்கள். பூனைக்கு வைத்தேன். அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்று செத்தால் அடுத்ததுக்கு அந்தப் பெயர். எத்தனை பூனை என்று கணக்கு இல்லை. பெயர் ஆறுதான்."

தெருப் பிள்ளைகள் வாசலில் நின்று பார்த்தார்கள். டீச்சர் அவர்களிடம் கேட்டார். ஸ்டெல்லா ஆறையும் ஒப்பித்தாள். தான் பிறப்பதற்கு முன் செத்த பூனைகளின் பெயரும் அவளுக்குத் தெரிந்தது. கடற்கரை இழுப்போடு சொன்னாள், ஆனால் பிழை இல்லை. மலையில் என் மகளுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

டீச்சர் நோட்டை விரித்தார். ஆறு சொல்லையும் எழுதினார். "சொன்னவர்?" என்றார்.

"நீலின்னு போடு" என்றாள் அக்கா. டீச்சரிடம் தமிழில் பேசினாள். "ரோசம்மான்னு போட்டா மேல ஒருத்தனுக்கும் தெரியாது."

ஆறு தடவை நீலி என்று எழுதினார் டீச்சர்.

"யானை?" என்றார்.

அக்கா தட்டுகளை எடுத்து அடுக்கினாள். "அத நான் பூனைக்கும் வைக்கல."

"தெரியுமா, தெரியாதா அம்மா?"

"தெரியும். இவனுக்கும் தெரியும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். பகவதி என்னைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள். அந்தப் பார்வையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் பகவதியிடம் எங்கள் பேச்சில் சொன்னேன். "அன்றைக்குச் சொன்னது அக்கா இல்லை. நான்."

பகவதி எழுந்து போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்காவின் கையிலிருந்து தட்டுகளை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எதுக்கு நான்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"அப்பா கையில் விறகு இருந்தது. இவன் இத்தனூண்டு இருந்தான்." அக்கா கையைத் தரையிலிருந்து உயர்த்திக் காட்டினாள். "ஒரு நாள் கோபம், ஒரு மாசக் கோபம் என்று நினைத்தேன். பிறகு இவன் பெரியவனாகி வந்து சொல்வான் என்று நினைத்தேன்." என்னிடம் திரும்பினாள். "வாட்சர் ஆனாய் என்று கேள்விப்பட்டேன். கல்யாணம் ஆனதும் கேள்விப்பட்டேன். பஸ் அப்போதும் ஓடியது."

"ஆமாம்" என்றேன்.

"அன்றைக்கு உனக்காக நான்தான் என்று சொன்னேன். இன்றைக்கும் நானே சொல்ல மாட்டேன்."

எழுந்து கரைக்குப் போனேன். அக்கா, அத்தான், பகவதி, டீச்சர் பின்னால் வந்தார்கள். அலை சின்னதாக இருந்தது. தூரத்தில் துறைமுகத்துக்குப் போகிற கப்பல் ஒன்று நின்ற இடத்திலேயே நின்றது. வெயில் மண்டையில் இறங்கியது. டீச்சர் போனை நீட்டினார்.

சொன்னேன்.

ஒன்றும் நடக்கவில்லை. பகவதி மட்டும் பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"என்னளா சொல்லுதான்?" என்றார் அத்தான்.

அக்கா என்னைக் காட்டினாள்.

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"கேக்கலலே. வாய்க்குள்ள முணுமுணுத்தா எப்படி? ஆம்பிளதான நீ? கத்து!"

கத்தினேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

"ம். இப்ப கேட்டுச்சு" என்றார் அத்தான். "அப்படின்னா என்னது?"

"யானை!" என்று அக்கா அவர் காதில் கத்தினாள்.

"யானையா? அதுக்கா இந்தப் பாடு? எங்க அய்யாவும் கடல்ல பாம்பக் கண்டா பூச்சிம்பாரு. கரைக்கு வந்து பாம்புன்னு சொல்லிட்டுச் சோறு திம்பாரு. நாப்பது வருசம் வாய்க்குள்ள வச்சிருக்க மாட்டாரு."

அக்கா சிரித்தாள். அத்தானுக்குக் கேட்கவில்லை.

டீச்சர் நோட்டை முழங்காலில் வைத்து எழுதினார். எழுதிவிட்டு, "சொன்னவர்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "வேணும்னா அக்கா பேரே போடலாமா? எல்லாம் ஒரே பேரா இருக்கும்" என்றார். நல்ல மனசு.

"அய்யப்பன்னு போடுங்க" என்றேன்.

அச்சில் வந்தால் ஊர் முழுக்கத் தெரியும். மூப்பர், அப்பாவின் தம்பி பிள்ளைகள், என்னோடு வேலை பார்ப்பவர்கள், எல்லாருக்கும். அன்றைக்குச் சொன்னது யார் என்று. எங்கள் முகத்தைப் பார்த்தே டீச்சருக்கு அது விளங்கியிருக்கும். பேனாவை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுத்தான் எழுதினார்.

கிளம்பும்போது அக்காவைக் கூப்பிட்டேன். மலைக்கு வா என்றேன். உப்பள வேலையும் முழங்கால் வலியும் சொன்னாள். பூனைகளை யார் பார்ப்பது என்றாள். வரவில்லை. பகவதியிடம் ஒரு மக்ரூன் இனிப்புப் பொட்டலம் கொடுத்தாள், பிள்ளைகளுக்கு என்று. எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பஸ் வரும் வரை பக்கத்தில் நின்றாள். பஸ் வந்ததும், "அடுத்த தடவை தேன் கொண்டா. இந்த மனுஷன் விட மாட்டார்" என்றாள்.

திங்கள் டீச்சர் அச்சகத்துக்குப் போனார். நானும் பகவதியும் மலை ஏறினோம். பஸ்ஸில் பகவதி என்னோடு பேசவில்லை. பாலம் தாண்டி முதல் வளைவில், "இனிமே என்ன வச்சிருக்கே?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். மக்ரூன் பாதி நொறுங்கியிருந்தது.

புத்தகம் அச்சாகி வந்தது. பள்ளி பாலத்துக்கு அப்பால், சமவெளிப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் புத்தகம் பள்ளியிலேயே இருக்கட்டும், மலைக்கு வர வேண்டாம் என்று பேசி முடித்தோம். மூப்பரை ஜீப்பில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்குக் கொண்டுபோனோம். நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளை எதிரே உட்கார வைத்தோம்.

டீச்சர் ஒவ்வொன்றாகப் படித்தார். சொல், தமிழ், சொன்னவர். ஆறுக்கும் மூப்பர் தலையை ஆட்டினார். நீலி என்ற பெயர் வரும்போதெல்லாம் கண்ணை மூடித் திறந்தார்.

ஏழாவதைப் படித்தார். சொன்னவர் அய்யப்பன் என்றார். மூப்பர் தலையை ஆட்டவில்லை. என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். டீச்சர் சொன்னதை என் வாயால் திரும்பச் சொன்னேன்.

தலையை ஆட்டினார்.

பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். ஒரே ஒரு தடவை. முடிந்ததும் மூப்பர் நன்றாக இருக்கும் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகளும் பொத்திக்கொண்டார்கள். அப்படியே பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தோம்.

இதை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதனால் அந்தப் பெயர்கள் இதில் இல்லை.

ஏழும் தெரிந்தவர்கள்: பிள்ளைகள் இருபத்தாறு. ஜெயந்தி டீச்சர். மூப்பர். பகவதி. அக்கா. காது கேட்காவிட்டாலும், அத்தான். நான்.

முப்பத்திரண்டு.